குடும்ப வரலாற்றுத் தேடல் எங்கே முட்டுகிறது: அறிகுறி பார்த்து வழி காண்பது

குடும்ப வரலாற்றைத் தேடத் தொடங்குவோர் பெரும்பாலும் ஒரு பெயரைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குகிறார்கள்; அந்தப் பெயர் எந்தப் பதிவேட்டிலும் அகப்படாதபோது, பதிவே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். என் குடும்பத்துக்காகவும், கேட்டு வரும் உறவினர்களுக்காகவும் பல ஆண்டுகளாகச் சென்னையில் இருந்தபடி இந்த வேலையைச் செய்துவரும் எனக்கு, அது சரியான முடிவாகப் படவில்லை. நம் பக்கத்தில் பெயரின் எழுத்து மாறும், தலைப்பெழுத்து மாறும், பட்டம் ஒட்டிக்கொள்ளும், உதிரும். நிலமும் நாளும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. பழைய பதிவேடுகளை எழுதியவர்களும் பெரும்பாலும் கிராமத்தையும், சர்வே எண்ணையும், நடந்த தேதியையும் வைத்தே அவற்றை அடுக்கினார்கள். ஆகவே கீழே வரும் சிக்கல்கள் வெவ்வேறாக இருந்தாலும், நான் சொல்லும் மாற்று ஏறக்குறைய ஒன்றுதான்: பெயரைச் சற்றுக் கீழே வைத்துவிட்டு, இடத்தையோ நாளையோ பிடித்துக்கொண்டு தேடுங்கள்.

தேடல் நின்ற இடத்துக்குரிய தலைப்புக்கு நேராகச் செல்லலாம். அதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, ஒவ்வொரு செய்திக்கும் எதிரே அதை யார் சொன்னார், எந்தத் தாளில் பார்த்தோம், என்றைக்குப் பார்த்தோம் என்று எழுதும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். தேடியும் கிடைக்காத இடங்களையும் அதிலேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் மூன்று ஆண்டு கழித்து அதே பதிவேட்டை மறுபடி புரட்டுவீர்கள்.

மாநகராட்சிப் பதிவில் தாத்தாவின் பிறப்பு இல்லை

சென்னை மாநகராட்சியின் இணையதளத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுகளைத் தேடி, கிடைத்தால் சான்றிதழைக் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். பெயரை வைத்துத் தேடி ஒன்றும் வரவில்லையென்றால், பிறந்த தேதியையும் ஆணா பெண்ணா என்பதையும் மட்டும் வைத்துத் தேடுங்கள். பிறந்த செய்தி பதிவாகும்போது குழந்தைக்குப் பெரும்பாலும் பெயர் சூட்டியிருக்க மாட்டார்கள். அதனால் பழைய பதிவுகளில் பெயர்க் கட்டம் வெறுமையாகவே கிடக்கும். தகப்பனார் பெயரும் தாயார் பெயரும்தான் நமக்குப் பிடி.

அடுத்து, பிறந்த இடம் அப்போது சென்னைக்குள் இருந்ததா என்று பாருங்கள். அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர், மாதவரம், வளசரவாக்கம் போன்றவை 2011-இல்தான் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. அதற்கு முன்பு அவை தனி உள்ளாட்சிகளாக இருந்தன. அவற்றின் பழைய பதிவேடுகளை இன்றைய மண்டல அலுவலகத்தில் நேரில் கேட்க வேண்டியிருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் கிடைக்கவில்லையென்றால், நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: அவர் தலைச்சன் பிள்ளையா? தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது நம் வழக்கம். தகப்பனார் திருவல்லிக்கேணியில் குடியிருந்தாலும், குழந்தை பிறந்தது தாயாரின் ஊரில். பதிவும் அங்கேதான் இருக்கும். என் தாத்தாவின் பிறப்பைத் தேடி இரண்டு ஆண்டுகள் நகரத்து அலுவலகங்களில் அலைந்தேன். ஓர் அலுவலகத்தில் "அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை" என்றே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு கொள்ளுப்பாட்டியின் பிறந்த ஊர் எது என்று கேட்டறிந்து அங்கே போனதும், இறந்தோர் பதிவுகளோடு சேர்த்துக் கட்டப்பட்ட பழைய பிறப்புப் பதிவேட்டில், 'ஆண் குழந்தை' என்ற இரண்டே சொற்களாக அவர் இருந்தார். கிராமங்களில் இந்தப் பதிவை எழுதிவந்தவர்கள் பரம்பரைக் கிராம அதிகாரிகள். அவர்களின் பதவி 1980-இல் ஒழிக்கப்பட்ட பிறகு கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பழைய பதிவேடுகளை வட்டாட்சியர் அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் விசாரிக்க வேண்டும்.

நாடு முழுவதற்குமான பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது. அதற்கு முந்தைய காலத்தில் பதிவு சீராக நடந்திருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. பதிவே இல்லாத இடத்தில் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் மாற்றுச் சான்றிதழும் உதவும். ஆனால் அவற்றில் உள்ள பிறந்த தேதியை அப்படியே நம்ப வேண்டாம். சேர்க்கைக்கு வயது சரியாக வர வேண்டும் என்று ஆசிரியரே ஜூன் மாதத்துத் தேதி ஒன்றை எழுதிக்கொண்ட குடும்பங்கள் மிகப் பல. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்குக் கோவிலின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் பெரும் செல்வம். ஞானப்பெற்றோர் பெயர் பெரும்பாலும் நெருங்கிய உறவைக் காட்டும். சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தின் பதிவுகள் 1680 வரை பின்னோக்கிச் செல்கின்றன. முஸ்லிம் குடும்பங்கள் மணமகள் வீட்டு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டை முதலில் கேட்க வேண்டும்.

பெயர் தாளுக்குத் தாள் மாறுகிறது

இதில் மூன்று வகை உண்டு. முதலாவது எழுத்துப் பிழை. தமிழ்ப் பெயர் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பும்போது 'ழ' என்பது 'ல' ஆகும், 'ள' ஆகும், சில தாள்களில் 'ர' கூட ஆகும். சண்முகம் 'ஷண்முகம்', 'ஷன்முகம்', 'சம்முகம்' என்று நான்காகப் பிரிவார். இதற்குப் பெயரின் நடு எழுத்துகளை மட்டும் வைத்துத் தேடுவதே வழி.

இரண்டாவது, பட்டம். பழைய பத்திரங்களில் சாதிப் பட்டத்தைச் சேர்த்தே பெயரை எழுதினார்கள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது. அதன் பிறகு பலர் தம் பெயருக்குப் பின்னிருந்ததை விட்டார்கள். ஆகவே 1920-களில் பட்டத்தோடு காணும் ஒருவரும் 1940-களில் பட்டமின்றிக் காணும் ஒருவரும் ஒரே ஆளாக இருக்கலாம்.

மூன்றாவது, வீட்டில் கூப்பிட்ட பெயர். குழந்தைக்கு மாமனாரின் பெயரை வைத்துவிட்டால், மருமகள் அதை வாயால் சொல்ல மாட்டார்; 'ராசா' என்றோ 'பெரியவன்' என்றோதான் கூப்பிடுவார். அந்தப் பெயரே ஊரில் நிலைத்து, வாக்காளர் பட்டியல் வரைக்கும் போயிருக்கும். "அவருக்கு வேறு பெயர் உண்டா?" என்று கேட்டால் பெரியவர்கள் இல்லை என்பார்கள். "கல்யாணப் பத்திரிகையில் என்ன பெயர் போட்டார்கள்?" என்று கேளுங்கள், உடனே வரும்.

ஒரே பெயரில் இரண்டு பேர். யார் யார் என்று பிரிக்க முடியவில்லை

பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதுதான். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வரும். அண்ணன் தம்பி இருவரும் தத்தம் மூத்த மகனுக்கு அதே தாத்தாவின் பெயரை வைத்திருந்தால், ஒரே தெருவில் ஒரே பெயரில், சிலவேளை ஒரே தலைப்பெழுத்தில் இரண்டு பேர் இருப்பார்கள். இங்கே பெயர் ஒரு பயனும் தராது; நிலம்தான் பிரித்துக் காட்டும்.

பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரம் வரும் பகுதியைப் பாருங்கள். அதில் செக்குபந்தி என்று நான்கு எல்லைகளைச் சொல்லியிருப்பார்கள்: "இன்னார் வீட்டுக்கும் மேற்கு, இன்னார் மனைக்கும் கிழக்கு, தெருவுக்கும் வடக்கு, வாய்க்காலுக்கும் தெற்கு." பாகப்பிரிவினையில் ஒரே மனையை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொள்ளும்போது, ஒருவர் பங்குக்கு மற்றவர் பங்கு எல்லையாகிவிடும். ஆகவே அந்த நான்கு வரியில் வரும் பெயர்களில் ஒன்றிரண்டு பேராவது பங்காளிகளாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எங்கள் வீட்டு 1931-ஆம் ஆண்டுக் கிரயப்பத்திரத்தைப் பலமுறை படித்தும், நான் வாங்கியவர், விற்றவர் பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வடக்கு எல்லையில் "காலஞ்சென்ற தம்பி பாகம்" என்றிருந்த மூன்று சொற்களைக் கவனித்த நாளில்தான், கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தார் என்பதே குடும்பத்துக்குத் தெரிந்தது.

பத்திரம் கையில் இல்லையென்றால் சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்று எடுங்கள். பதிவுத் துறையின் இணையதளத்தில் பொதுவாக 1975 முதல் பார்க்கலாம். அதற்கு முற்பட்டதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, கட்டணம் கட்டித் தேடச் சொல்ல வேண்டும். அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்திலும், உயில்கள் 3-ஆம் புத்தகத்திலும் இருக்கும். மனுவில் எந்தப் புத்தகம் என்று தெளிவாக எழுதுங்கள். உயிலைத் தேட வந்தவருக்கு 1-ஆம் புத்தகத்தைப் பார்த்துவிட்டு "இல்லை" என்று சொல்லி அனுப்புவது நடக்கிறது. சென்னைக்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. சென்னை நகர எல்லைக்குள் உள்ள சொத்து பற்றிய உயில்களுக்கு உயர் நீதிமன்றத்தில் புரொபேட் (உயில் செல்லும் என்ற நீதிமன்றச் சான்று) பெறுவது நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. அந்த மனுக்களில் இறந்தவரின் நெருங்கிய உறவினர் அனைவரையும் பெயர், உறவு, முகவரியோடு எழுதியிருப்பார்கள். ஒரு தலைமுறை முழுவதும் ஒரே தாளில் கிடைக்கும்.

தமிழ் வருடப் பெயர் இருக்கிறது. எந்த ஆண்டு என்று தெரியவில்லை

விகாரி வருடம் ஆவணி மாதம் என்று ஜாதகத்தில் இருந்தால், அது 1899-ஆகவும் இருக்கலாம், 1959-ஆகவும் இருக்கலாம். சுற்று அறுபது ஆண்டு என்பதால் பலர் உத்தேசமாக ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே ஒரு தலைமுறையே இடம் மாறிவிடுகிறது. சரிபார்க்க இரண்டு வழிகள் உண்டு, இரண்டையும் செய்யுங்கள்.

முதலாவது கிழமை. அதே தமிழ்த் தேதி அறுபது ஆண்டு கழித்து வரும்போது கிழமை ஐந்தோ ஆறோ நாள் நகர்ந்திருக்கும். ஜாதகத்தில் தேதியும் கிழமையும் இருந்தால், பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்ட மாத்திரத்தில் தவறான ஆண்டு விலகிவிடும்.

இரண்டாவது, ஜாதகக் கட்டம். இங்கே ஒரு வழுக்கல் இருக்கிறது. குருவும் சனியும் நின்ற வீட்டைப் பார்த்து ஆண்டைச் சொல்லிவிடலாம் என்று எண்ணுவோம். ஆனால் அறுபது ஆண்டில் குரு ஏறக்குறைய ஐந்து சுற்றும் சனி ஏறக்குறைய இரண்டு சுற்றும் முடித்துவிடுகின்றன. இரண்டும் அதே வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ திரும்பி வந்திருக்கும். ராகுவோ பதினெட்டரை ஆண்டுக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வருவது. அறுபது ஆண்டில் அது இரண்டு மூன்று வீடு விலகி நிற்கும். எனவே 1899-ஆ 1959-ஆ என்ற கேள்விக்கு ராகு நிற்கும் வீட்டைக் கேளுங்கள்.

நிலத் தாள்களில் பசலி ஆண்டு, அதாவது நிலவரிக் கணக்குக்கான ஆண்டு, வரும். அதனோடு 590-ஐக் கூட்டினால், அந்தப் பசலி ஜூலையில் தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1331 என்பது 1921 ஜூலை முதல் 1922 ஜூன் வரை. நெல்லை, குமரிப் பக்கத்துத் தாள்களில் கொல்லம் ஆண்டு இருந்தால் 824-ஐக் கூட்டுங்கள். ஆவணியில் தொடங்குவதால், தை முதல் ஆடி வரையான நிகழ்வுகள் பெரும்பாலும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும்.

பத்திரம் கிடைத்தது, படிக்க முடியவில்லை

பழைய கையெழுத்தில் மெய்யெழுத்தின் மேல் புள்ளி இராது. துணைக்காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். தமிழ் எண்களில் ஒன்று ககரத்தைப் போலவும், இரண்டு உகரத்தைப் போலவும், ஏழு எகரத்தைப் போலவும், எட்டு அகரத்தைப் போலவும் இருப்பதால், எண்ணைச் சொல்லாகப் படித்துவிடுவோம். ௲௯௱௨௰௧ என்றால் 1921. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, ரூபாய்க்கு ௹ என்று குறிகள் உண்டு. இவற்றுள் மிகுந்த கவனம் வேண்டியது ௸, அது 'மேற்படி'. "௸யார் மகன்" என்று வந்தால், முன் வரியில் சொன்னவரின் மகன் என்று பொருள். இந்தக் குறியைத் தாண்டிப் படித்தால் மகன் யாருக்கோ மகனாகிவிடுவான். முதல் பத்தியை மட்டும் முழுமையாக எழுத்தெண்ணிப் படித்துவிடுங்கள். பத்திரம் எழுதுபவரின் கை அதற்குள் பழகிவிடும். மீதிப் பத்திகள் வழக்கமான வாசகங்களாகவே இருக்கும்.

பாட்டி வழியில் போனால் ஒன்றுமே இல்லை

பெண்ணின் தலைப்பெழுத்து திருமணத்தோடு தகப்பனாரிடமிருந்து கணவருக்கு மாறுகிறது. பத்திரங்களிலும் 'இன்னார் மனைவி', 'இன்னார் தாயார்' என்றுதான் வருகிறார். என்னை இந்தத் தேடலில் அதிகம் வருத்தியது இதுதான். ஆனாலும் இரண்டு இடங்களில் பெண்களின் பெயரும் ஊரும் நன்றாகப் பதிவாகியிருக்கின்றன.

ஒன்று மொய் நோட்டு. எங்கள் டிரங்குப் பெட்டியில் கிடைத்த 1958-ஆம் ஆண்டு மொய் நோட்டு, நீளவாக்கில் தைத்த கணக்கு நோட்டு. முதல் பக்கத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, மேலே பிள்ளையார் சுழி போட்டிருந்தது. முதல் வரி தாய்மாமன் மொய். அதாவது மணமகனின் தாயாருடைய உடன்பிறந்தார், ஊர்ப் பெயரோடு. அந்த ஒரு வரியிலேயே பாட்டியின் பிறந்த ஊர் வந்துவிட்டது. அடுத்த பக்கங்களில் "சின்னம்மா வகை", "பெரிய அத்தை வீடு" என்று உறவு சொல்லியே எழுதியிருந்தார்கள். தொகையையும் கவனியுங்கள், எல்லாரும் ஐந்து ரூபாய் எழுதும் இடத்தில் ஒருவர் ஐம்பத்தொன்று எழுதியிருந்தால், அவர் நெருங்கிய உறவாகவோ, பழைய மொய்யைத் திருப்பிச் செய்பவராகவோ இருப்பார். நோட்டு நொறுங்கும் நிலையில் இருந்தால் பக்கங்களைப் பிரிக்க முயலாமல், இருக்கும் நிலையிலேயே நிழலில் வைத்துப் படம் எடுங்கள்.

மற்றொன்று தர்ப்பணம். அதைச் செய்யும் குடும்பங்களில் தகப்பனார் வழியில் மூன்று தலைமுறை, தாயார் வழியில் மூன்று தலைமுறை என்று ஆண், பெண் இரு பாலார் பெயரையும் சொல்லுவார்கள். அமாவாசை தவறாமல் செய்துவரும் பெரியப்பாவிடம் "கொள்ளுப்பாட்டி பெயர் என்ன?" என்று கேட்டால் யோசிப்பார், தர்ப்பணத்தைச் சொல்லிக் காட்டச் சொன்னால் தடங்கலின்றி வரும்.

சொந்த ஊர் எது என்றே தெரியவில்லை

இரண்டு தலைப்பெழுத்து இருந்தால் முதலாவது ஊராக இருக்கலாம். அதற்கு மேல் குலதெய்வத்தைக் கேளுங்கள். ஊரை மறந்தவர்கள்கூட முதல் மொட்டை எங்கே போட்டார்கள் என்பதை மறப்பதில்லை. அந்தக் கோவிலில் வரி வசூலிக்கும் நோட்டைக் கேட்டால், தலைக்கட்டு வாரியாகப் பங்காளிகள் எல்லாரும் அதில் இருப்பார்கள்.

ஊர் தெரிந்தும் பதிவு கிடைக்காவிட்டால் எல்லை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். திருத்தணி 1960 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் 1956 நவம்பரில்தான் நம்மோடு சேர்ந்தன. அவற்றின் பழைய தாள்களைத் தேடத் தெலுங்கோ மலையாளமோ படிப்பவர் துணை வேண்டும். முன்னோருக்கு இனாம் நிலம் (வரி நீக்கியோ குறைத்தோ கொடையாகத் தந்த நிலம்) இருந்திருந்தால், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இனாம் பதிவேடுகளைக் கேளுங்கள். 1858-இல் அமைந்த இனாம் ஆணையம் கிராமம் கிராமமாக விசாரித்து எழுதியவை அவை. நிலம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற விவரம் அவற்றில் இருப்பதால், தலைமுறை தொடர்ச்சியாகக் கிடைப்பதுண்டு. போகும்போது கிராமத்தின் பெயரோடு பழைய தாலுகா, பழைய மாவட்டப் பெயரையும் எழுதிக்கொண்டு போக வேண்டும்.

நகரத்துக்குள்ளேயே தெரு காணாமல் போவதும் உண்டு. மௌபரீஸ் ரோடு இன்று டி.டி.கே. சாலை; லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலை; எட்வர்ட் எலியட்ஸ் ரோடு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. கதவு எண்ணுக்குப் பழையது, புதியது என்று இரண்டு இருப்பதால், எந்த எண் என்று குறிக்காத முகவரியை நம்பி வீட்டை முடிவு செய்ய வேண்டாம்.

கடல் தாண்டிப் போனவரைப் பற்றித் தகவல் இல்லை

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர் என்றால் வாய்ப்பு அதிகம். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனைச் சேர்ந்தது முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பனார் பெயர், வயது, கிராமம், தாலுகா ஆகியவை உள்ளன. பெயரைவிடக் கிராமத்தை வைத்துத் தேடினால் ஒன்றாகப் போன உறவினர்களும் அகப்படுவார்கள். மொரீஷியஸுக்குப் போனவர்களுக்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்றப் பதிவேடுகள் இருக்கின்றன.

பெரியவர்களுக்கு ஆண்டு நினைவில்லை, அல்லது பேச மறுக்கிறார்கள்

ஆண்டைக் கேட்காதீர்கள், நிகழ்ச்சியைக் கேளுங்கள். "எம்டன் குண்டு போட்டபோது உங்கள் மாமனார் பிறந்துவிட்டாரா?" என்றால் அது 1914 செப்டம்பர். "ஜப்பான்காரன் வருகிறான் என்று ஊருக்கு ஓடியபோது யார் கைக்குழந்தை?" என்றால் 1942. தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர். முன்னோர் சொன்ன தாது வருடப் பஞ்சம் 1876-இல் தொடங்கியது. இப்படி முன்னும் பின்னும் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஒரு பிறப்பை நிறுத்திவிட்டால், பதிவேட்டில் புரட்ட வேண்டியது நான்கைந்து ஆண்டுகள் மட்டுமே.

பேச மறுப்பவரிடம் கேள்விப் பட்டியலோடு உட்காராதீர்கள். மொய் நோட்டையோ கல்யாணப் படத்தையோ கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். என் பாட்டியின் தங்கை நான்கு முறை என்னைத் திருப்பி அனுப்பினார். ஐந்தாம் முறை அந்த 1958 நோட்டைக் கொடுத்தபோது, கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வரிவரியாக நகர்த்தி, ஒரு பெயரில் நிறுத்தினார், "இவர் வந்தாரா அன்றைக்கு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அதன்பின் இரண்டு மணி நேரம் பேசினார். கைப்பேசியில் பதிவு செய்ய அவரிடம் முன்பே கேட்டிருந்தேன். ஒரு சொத்துத் தகராறு வந்த இடத்தில் அதை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். அந்தப் பகுதியை இன்றுவரை நோட்டில் எழுதவில்லை.